உலர்த்தவும் கற்க வேண்டும்



கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. கசக்க வேண்டும் என்று சொன்ன அந்தப் பழமொழி, கசக்கிய துணியை எவ்வாறு உலர்த்துவது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் அதையும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று முன்னோர் விட்டுவிட்டார்கள் போலும். கொடியில் போட்டால் உலர்ந்துவிடுகிறது. இதற்கும் ஒரு கல்வி தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை என்பதே என் விடை. துணிகளில் பல, உடுத்திக் கிழிவதற்கு முன்பே உலர்த்தும் இடத்தில் கெட்டுவிடுகின்றன. இதை நான் நூல்களில் படித்து முதலில் அறியவில்லை. என் தந்தையாரின் வேட்டி ஒன்றைக் கெடுத்த பிறகே அறிந்தேன்.

சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் நான் வளர்ந்தேன். சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய நெசவு ஊர்களில் பாவடி என்று ஓர் இடம் உண்டு. நெசவுக்கான பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டிக் கஞ்சி ஏற்றும் வெளிக்குத்தான் அந்தப் பெயர். நான் சிறுவனாக இருந்தபோது, பொழுது புலரும் முன்பே அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். பாவின் இருபுறமும் நின்று கஞ்சியைத் தடவி, நீண்ட தூரிகையால் ஒரே சீராக நீவிக்கொண்டே செல்வார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். நம் சமவெளியில் வெயிலுக்கா பஞ்சம்? நடுப்பகலில் செய்தால் நொடியில் காய்ந்துவிடுமே என்று அந்நாளில் நான் நினைத்ததுண்டு.

நொடியில் காய்வதுதான் அங்கே தீமை. கஞ்சி விரைந்து காய்ந்தால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படியும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூல் முறுமுறுப்பாகித் தறியில் அறுந்துபோகும். மெல்லக் காய்ந்தால்தான் இழையைச் சுற்றி மெல்லிய போர்வைபோல் அது அமையும். அதற்காகவே இளங்காற்றும் இளவெயிலும் உள்ள வேளையை நெசவாளர் தேர்ந்துகொண்டனர். எந்தப் பொருளை, எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் உலர்த்துவது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் சைசிங் ஆலைகள் சூடேற்றிய உருளைகளின்மேல் நூலை ஓட்டிச் செய்கின்றன. கருவி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

இனி என் தந்தையாரின் வேட்டிக்கு வருகிறேன். சேலம் வெண்பட்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. தம்முடைய திருமணத்தில் உடுத்திய வெண்பட்டு வேட்டியை என் தந்தையார் பெட்டியில் காத்து வைத்திருந்தார். என் தமக்கையின் திருமணத்தன்று அதை உடுத்தித் தாரை வார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெட்டி வாடை போகச் சற்று அலசிப் போடு என்று அன்னையார் என்னிடம் அதைக் கொடுத்தார். நான் அப்போது கல்லூரியில் முதலாண்டு மாணவன். கையில் கிடைத்த சோப்புக்கட்டியால் துவைத்து, சரியாக அலசாமல், மொட்டைமாடியில் இருந்த இரும்புக் கம்பியில் போட்டேன். பிறகு பந்தற்கால், விருந்தினர், கடைத்தெரு என்று அலைந்ததில் வேட்டியை அடியோடு மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயில் நேரே பட்ட பக்கம் பழைய காகிதம்போல் மஞ்சளித்திருந்தது. மடிப்புக்கு உள்ளே வெயில் படாமல் இருந்த பகுதி மட்டும் முன்போலவே வெண்மையாக இருந்தது. நடுவே, கம்பி இருந்த இடத்தில் துருவின் கோடு ஒன்று நீளமாக ஓடியது. எதிர்வீட்டில் இருந்த முதிய நெசவாளரிடம் அதைக் கொண்டு ஓடினேன். அவர் விரித்துப் பார்த்து, "தம்பி, பருத்தி வெயிலுக்கு அஞ்சாது, பட்டு அஞ்சும். இரண்டையும் ஒரே கொடியில் போட்டாயே!" என்றார். சினமின்றி அவர் சொன்ன அந்தச் சொல்லே எனக்கு முதற்பாடம்.

பட்டு ஏன் அஞ்சுகிறது? பருத்தி ஏன் அஞ்சுவதில்லை? இதற்கு விடை காண வேண்டுமானால், உலர்தல் என்றால் என்ன என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஈரத்துணியில் உள்ள நீர் ஆவியாகிக் காற்றில் கலப்பதே உலர்தல். நீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. இந்த மறை வெப்பத்தை ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற அறிஞர் 18 ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் வெப்பம் மட்டும் போதாது. துணியை ஒட்டிய காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் மேலும் நீரை அது ஏற்காது. அந்தக் காற்று விலகி, வறண்ட காற்று வந்து சேர வேண்டும். துணியும் மடிந்து கிடக்காமல் விரிந்திருக்க வேண்டும். ஆகவே வெப்பம், காற்று, அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே உலர்த்தல். சேலத்தில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் கெட்டிப் போர்வையும் விரைவில் காய்கிறது. ஐப்பசி அடைமழையில் கைக்குட்டைகூட மறுநாளும் ஈரமாக இருக்கிறது. காற்றின் வறட்சியே இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம்.

இம்மூன்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கியதே உலர்த்தும் இயந்திரம். அமெரிக்காவில் சாம்ப்சன் என்பவர் துணி உலர்த்தும் கருவி ஒன்றுக்கு 1892 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் மின்சாரம் வந்தது. துளைகள் உள்ள உருளை சுழன்று துணியைத் தூக்கிப் போட, அதனூடே சூடான காற்று பாயும் இயந்திரம் உருவாயிற்று. இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுகிறேன். நம் வீடுகளில் இரண்டு தொட்டிகள் உள்ள துவைக்கும் இயந்திரத்தின் சிறிய தொட்டியை டிரையர் என்று அழைக்கிறோம். அது துணியை வேகமாகச் சுழற்றி நீரை வெளியே தள்ளுகிறது, சூடாக்குவதில்லை. அது பிழியும் கருவியே அன்றி உலர்த்தும் கருவி அன்று. நான் இனிச் சொல்லப்போவது சூடான காற்றைக் கொண்டு உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி. விடுதிகளிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உங்களில் பலர் அதன் முன் நிற்க நேரும்.

அந்த இயந்திரத்தின் திருகில் பெரும்பாலும் நான்கு நிலைகள் இருக்கும்: அதிவெப்பம், நடுவெப்பம், குறைவெப்பம், வெப்பமின்றிக் காற்று மட்டும். எதைத் தேர்வது? துணியின் விலையைப் பார்த்தோ, நமக்கு இருக்கும் அவசரத்தைப் பார்த்தோ தேர்வதில் பயனில்லை. இழை எது என்று பார்த்துத் தேர வேண்டும்.

முதலில் பருத்தி. இது தாவர இழை. இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: நனைந்தால் இதன் வலிமை குறையாது, கூடும். கல்லில் அடித்துத் துவைத்தும் பருத்தி வேட்டி பல ஆண்டுகள் உழைப்பது இதனாலேதான். வெள்ளைப் பருத்தி வேட்டி, படுக்கை விரிப்பு, துண்டு ஆகியவற்றுக்கு அதிவெப்பம் பொருந்தும். கொடியில் என்றால் நேர் வெயில் பொருந்தும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தறியிலும் பின்னல் இயந்திரத்திலும் இழுபட்டு நின்ற நூல், ஈரமும் வெப்பமும் அசைவும் சேர்ந்தவுடன் தன் இயல்பான நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதுவே சுருக்கம். நெய்த துணியைவிடப் பின்னிய பனியன் துணி மிகுதியாகச் சுருங்கும். அதற்கு நடுவெப்பத்துக்கு மேல் வேண்டாம். சாயமிட்ட துணி வெயிலில் வெளுக்கும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் நெய்கிற வண்ண லுங்கியை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, நிழலில் காற்றாடப் போட்டால் நிறம் நெடுநாள் நிற்கும்.

பருத்தியைப் பற்றி இன்னும் ஒன்று. உலர்ந்ததாக நாம் நினைக்கும் பருத்தியிலும் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் ஈரம் இயல்பாகவே இருக்கிறது. அதையும் விரட்டும்வரை இயந்திரத்தை ஓடவிட்டால் துணி விறைத்து, இழை நொறுங்கத் தொடங்கும். நீர் கொஞ்சம் எஞ்சியிருக்கும்போதே எடுத்துவிடுவது அறிவுடைமை. கொடியில் காய்ந்த துண்டு பலகைபோல் விறைப்பது ஏன் என்று நீங்கள் வியந்திருக்கலாம். இழைகளின் மேற்பரப்பில் தங்கும் சிறிதளவு நீரே பசைபோல் நின்று அவற்றைப் பிணைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2020 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். இயந்திரம் துணியைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பிணைப்பு உடைகிறது. கொடியில் போடுமுன்னும் எடுத்த பின்னும் துண்டை நன்றாக உதறினால் நாமும் ஓரளவு அதையே செய்தவர்களாவோம்.

அடுத்தது பட்டு. இது புழு நூற்ற இழை, புரதத்தால் ஆயது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் அந்தப் புரதத்தைத் தாக்குகிறது; தாக்குண்ட இடத்தில் மஞ்சள் நிறம் தோன்றுகிறது; இழையும் நலிகிறது. சோப்பின் காரம் துணியில் எஞ்சியிருந்தால் கேடு பெருகும். என் தந்தையாரின் வேட்டியில் நிகழ்ந்தது இதுவே. பட்டு நனைந்தால் வலிமை குறையும் இயல்புடையது. ஆதலால் முறுக்கிப் பிழிவதும் தகாது. வெண்பட்டாயினும் இராசிபுரத்துப் பட்டாயினும், துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, நிழலில், துருப்பிடிக்காத கொடியில், காற்றாடப் போடுவதே முறை. சரிகைப் பட்டை இயந்திரத்தில் இடவே வேண்டாம். சரிகை இல்லாத பட்டுக்கும், ஆடையில் தைத்த குறிப்புச்சீட்டு இடம் கொடுத்தால் மட்டும், வெப்பமின்றிக் காற்று நிலையில் சிறிது நேரம் விடலாம்.

கம்பளியும் புரத இழையே. அதன் மேற்பரப்பு மீன் செதில்போல அடுக்கடுக்காக அமைந்தது. ஈரமும் வெப்பமும் புரட்டலும் ஒன்றுசேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு விடுவிக்க இயலாது. ஏர்க்காட்டுக் குளிருக்கென்று வாங்கிய கம்பளிச் சட்டையை அதிவெப்பத்தில் உருட்டினால், வெளியே வரும்போது அது தம்பியின் சட்டையாக இருக்கும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீளும். ஆகவே தட்டையான இடத்தில் துண்டு விரித்து, அதன்மேல் வடிவம் கெடாமல் பரப்பி உலர்த்த வேண்டும்.

ரேயான் எனப்படும் விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து செய்யும் இழை. தோற்றத்தில் பட்டு, பிறப்பில் பருத்திக்கு உறவு, குணத்தில் இரண்டும் அன்று. நனைந்தவுடன் அதன் வலிமை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஈரத்தில் இழுக்காமல், குறைவெப்பத்தில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்துப் பரப்புவது நன்று.

பாலியெஸ்டர் 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உண்டாக்கிய டெரிலீனின் வழிவந்தது. நைலான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1935 இல், அமெரிக்காவில் கரோதர்ஸின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பாலியெஸ்டர் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நூற்றுக்கு அரைப் பங்குகூட அதில் தங்காது. ஆகையால் அது விரைந்து உலரும். மிகுந்த வெப்பம் அதற்குத் தேவையில்லை. அது உருகுவதற்கு 250 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும், 70, 80 பாகை அளவிலேயே உள்ளுக்குள் இளகத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் கசங்கிக் கிடந்து ஆறினால், கசங்கல் அப்படியே பதிந்துவிடும். பிறகு பெட்டி போட்டாலும் எளிதில் போகாது. செயற்கை இழைச் சேலைக்கும் பள்ளிச் சீருடைக்கும் குறைவெப்பம் அல்லது நடுவெப்பம் வைத்து, இயந்திரம் நின்றவுடனே எடுத்து உதறி மடிக்க வேண்டும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணிக்கு, இரண்டில் வெப்பத்துக்கு மெலிந்தது எதுவோ அதைக் கொண்டு நிலையைத் தீர்மானியுங்கள். இழுத்தால் நீளும் இழை கலந்த காற்சட்டைக்கும் குறைவெப்பமே ஏற்றது.

இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினம் என்று அஞ்ச வேண்டாம். ஆடையின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு குறிப்புச்சீட்டில் பன்னாட்டு வழக்கிலுள்ள சின்னங்கள் இருக்கின்றன. சதுரம் என்றால் உலர்த்தல். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் இயந்திரத்தில் உலர்த்தலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் வெளியேறும் காற்று 60 பாகையைத் தாண்டக் கூடாது, இரண்டு புள்ளி என்றால் 80 பாகையைத் தாண்டக் கூடாது. வட்டமிட்ட சதுரத்தின்மேல் பெருக்கற்குறி போட்டிருந்தால் இயந்திரம் ஆகாது. சதுரத்துக்குள் நெடுங்கோடு ஒன்று இருந்தால் கொடியில் போடுக. கிடைக்கோடு இருந்தால் தட்டையாகப் பரப்புக. மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில் உலர்த்துக. எதிர்வீட்டு நெசவாளர் எனக்குச் சொன்னதைத்தான் அந்தச் சாய்கோடு உலகுக்குச் சொல்கிறது.

இயந்திரத்தை ஆள்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை இன்னும் சில உள்ளன. உருளையைத் திணித்து நிரப்பாதீர்கள். காற்று புக இடம் வேண்டும். கனத்த துண்டையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாக இட்டால், துண்டு உலர்வதற்குள் சட்டை வறண்டு கெடும். ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேரும் பஞ்சுத்தூசியை எடுத்துவிடுங்கள்; அது காற்றை அடைப்பதோடு தீப்பற்றவும் இடம் தரும். எண்ணெயோ பெட்ரோலோ தோய்ந்த துணியை ஒருபோதும் உள்ளே இடாதீர்கள். சூடேறிய எண்ணெய்த் துணி, குவித்து வைத்த பிறகும் தானே கனன்று எரியக்கூடும்.

செலவையும் சற்றுக் கணக்கிடுவோம். நன்கு பிழிந்த ஒரு சுமைத் துணியில் மூன்று கிலோகிராம் நீர் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை ஆவியாக்க 7,200 கிலோஜூல் வேண்டும். மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஆகவே வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமலே, மின்சூட்டால் உலர்த்தும் சாதாரண இயந்திரத்துக்கு இரண்டு யூனிட் ஆகிறது. வெளியேறும் வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் வெப்ப ஏற்றி வகை இதனினும் குறைவாகவே செலவிடும். சுழற்றிப் பிழிவதற்கு ஆகும் மின்சாரமோ மிகச் சிறிது. ஆகையால் முதலில் நன்றாகப் பிழியுங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் சேலம், நாமக்கல் சமவெளி இந்த வெப்பத்தை நமக்கு விலையின்றித் தருகிறது. மழைக்காலத்திலும், வெயில் எட்டாத அடுக்குமாடியிலும், நோயாளி உள்ள வீட்டிலும் இயந்திரம் நல்ல துணை. மற்ற நாட்களில் கொடியே போதும்.

கொடியிலும் இயந்திரத்தில் உள்ள அத்தனை நிலைகளும் இருக்கின்றன. நேர் வெயில் அதிவெப்பம், இளவெயில் நடுவெப்பம், நிழல் குறைவெப்பம், திண்ணைக் காற்று வெப்பமற்ற நிலை. அன்று மொட்டைமாடிக்குப் போன நான் இந்தத் திருகைத் தவறான பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான்.

திருமணத்தன்று என் தந்தையார் அந்த வேட்டியையே உடுத்தினார். மஞ்சளித்த பக்கத்தை உள்ளே மடித்து, துருக்கோடு கொசுவத்தில் மறையுமாறு என் அன்னையார் சீர்செய்து கொடுத்தார். பார்த்தவர் எவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் மணவறையில் கண் அங்கேயே நின்றது. அவர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. விருந்து முடிந்த பின், வேட்டியைக் களைந்து என் கையில் கொடுத்து, "இதைத் திண்ணையில் போடு" என்றார்.

ஒரு துணிக்குப் பின்னால் நூற்றவர், சாயமிட்டவர், பாவு நீட்டியவர், நெய்தவர் எனப் பலருடைய உழைப்பு இருக்கிறது. அதை வாங்கித் தந்தவரின் உழைப்பும் இருக்கிறது. திருகைத் திருப்புமுன், அல்லது கொடிக்குப் போகுமுன், இது எந்த இழை என்று ஒரு கணம் கேளுங்கள். அந்த ஒரு கணம் அவர்கள் உழைப்பைக் காக்கும்.